‘டென்ஷனைக் குறையுங்கள்’ என்பது சிகிச்சை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கொலனோஸ்கோபி எல்லாம் முடிந்ததும், ‘ஒன்றுமில்லை, ஐ.பி.எஸ்.தான், டென்ஷனைக் குறையுங்கள்’ என்று சொல்லி வயிற்று நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். (ஐ.பி.எஸ். என்பது எரிச்சல் குடல் நோய்: பரிசோதனைகளில் கோளாறு எதுவும் தெரியாமலே வயிற்றுவலியும் பேதியோ மலச்சிக்கலோ தொடர்வது.) எப்படிக் குறைப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. வீட்டிலோ ‘எல்லாம் மனப்பிரமை’ என்ற பேச்சு. வலி பிரமை அல்ல. மலக்குடலுக்குள் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்த ஆய்வுகளில், இந்த நோயாளிகளில் பலருக்கு மற்றவர்களைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே வலி தொடங்கியது. பயம் வலியைக் கூட்டுகிறது, கூடிய வலி பயத்தைக் கூட்டுகிறது. சி.பி.டி. எனப்படும் அறிதல்-நடத்தைச் சிகிச்சை இந்தச் சுழலை உடைக்கத்தான்.

முதல் இரண்டு வாரம் குறிப்பேடு. வலி வந்த நேரம், 0 முதல் 10 வரை அதன் அளவு, மலம் போன விதம், மனதில் ஓடிய எண்ணம், உடனே செய்த காரியம் என்று ஐந்து கட்டங்கள் போதும். சாப்பாட்டை மட்டும் எழுதிவந்தால் பால், வெங்காயம், கோதுமை என்று தட்டு காலியாவதுதான் மிச்சம். ஐந்தாவது கட்டத்தைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்: கிளம்பும் முன் நான்கு தடவை கழிப்பறை, பட்டினியாகப் பயணம், பேதியே இல்லாதபோதும் பஸ் ஏறுமுன் பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை ஒன்று. (பேதியின்போது மருத்துவர் சொன்னபடி போடுவது வேறு.) இவை அப்போதைக்கு நிம்மதி தரும். ஆனால் ‘இதைச் செய்ததால்தான் தப்பித்தேன்’ என்ற நம்பிக்கையை ஒவ்வொரு முறையும் இறுக்கிவிடும்.

மூச்சுப் பயிற்சியும் உண்டு. ஒரு கை மார்பில், மறு கை வயிற்றில். வயிற்றுக் கை மட்டும் எழும்ப வேண்டும். 4 விநாடி இழுத்து 6 விநாடி விட்டு, 10 நிமிடம், தினம் இரு வேளை. வலி வந்த பிறகு மட்டும் செய்துபார்த்துப் ‘பலனில்லை’ என்று விடுகிறவர்கள் ஏராளம். வலியில்லாத வேளையில் பழகியிருந்தால்தான் வலி நேரத்தில் கைகொடுக்கும்.

சிகிச்சையின் உயிர்நாடி, தவிர்த்துவந்த இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்பிப் போவது. ஒவ்வொன்றுக்கும் 100-க்கு இத்தனை என்று பய மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்த வேண்டும். இட்லி சாப்பிட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் போவது 30 என்றால், கழிப்பறை இல்லாத வெளியூர்ப் பஸ்ஸில் மூன்று மணி நேரம் 90-ஆக இருக்கலாம். 30-ல் தொடங்கி, முன்கூட்டி மாத்திரை போடாமல், பாதியில் இறங்காமல், வாரத்தில் நான்கைந்து முறை அதையே செய்ய வேண்டும். மதிப்பெண் பாதியாகக் குறைந்ததும் அடுத்த படி. எடுத்த எடுப்பில் 90-க்குத் தாவி, தாங்காமல் இறங்கி ஓடினால் பயம் முன்பைவிட ஆழமாக ஊன்றிவிடும். சிகிச்சை பெரும்பாலும் தோற்பது இங்கேதான்: தளர்வுப் பயிற்சியோடு நிறுத்திக்கொண்டு, இந்தப் பகுதியைத் தொடாமலே முடித்துவிடுகிறார்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, 50 வயதுக்குமேல் புதிதாக வந்த தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய்: இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் குடல் மருத்துவர்தான். வலி அடியோடு போய்விடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் கூடாது. பலருக்கு அது தணிகிறது. வேலையையும் பயணத்தையும் முடக்குவது குறைகிறது.

பிரிட்டனில் 2019-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஓராண்டுக்கு மேலாகியும் வழக்கமான மருத்துவத்தில் தீராத 558 பேர் பங்கேற்றனர். மொத்தம் 8 மணி நேரம் ஃபோனிலேயே சி.பி.டி. பெற்றவர்களும், இணையப் பாடத்தோடு இரண்டரை மணி நேர ஃபோன் உதவி பெற்றவர்களும், பழைய சிகிச்சையையே தொடர்ந்தவர்களைவிட 12 மாத முடிவில் நன்றாகத் தேறியிருந்தனர். 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், பெரும்பாலும் வீட்டிலிருந்தே செய்யும் 4 அமர்வுகள், நேரில் வந்து பெறும் 10 அமர்வுகளுக்குக் குறைந்ததாக இல்லை.

எனவே, ‘அத்தனை உளவியலாளர்களுக்கு எங்கே போவது?’ என்று கைவிரிக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரியின் குடல் நோய்ப் பிரிவில் வாரம் ஒரு நாள் ஓர் உளவியலாளர், தமிழில் ஒரு பயிற்சிக் கையேடு, பின்தொடர ஒரு ஃபோன் எண். இவ்வளவு இருந்தால் சுகாதாரத் துறை இதைத் தொடங்கிவிடலாம்.

— மருத்துவ உளவியலாளர், மதுரை