கடல் சிங்கங்கள் எங்கும் காணாமல் போகவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சான் பிரான்சிஸ்கோவின் பியர் 39 படகுத்துறை பற்றிய கட்டுரை படித்தேன். படங்கள் அருமை. ஆனால், கோடையில் அங்கே கடல் சிங்கங்கள் படுத்துக்கிடக்கும் மிதவைகள் வெறிச்சோடுவதை 'மர்மம்' என்று எழுதியிருக்க வேண்டாம்.

ஜூன், ஜூலையில் கடல் சிங்கங்கள் குட்டி போடவும் இணைசேரவும் தெற்கே போய்விடுகின்றன. தெற்குக் கலிபோர்னியக் கரைக்கு அப்பால் உள்ள சான் மிகேல், சான் நிக்கோலஸ் போன்ற சேனல் தீவுகள்தான் அமெரிக்கப் பக்கம் அவற்றின் பெரிய தாய்வீடு. அங்கே 350 கிலோ வரை எடையுள்ள ஆண், கரையில் ஒரு துண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டு, போட்டிக்கு வருகிறவனை நோக்கிக் குரைத்தபடியே வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். இரை தேடக் கடலுக்குப் போனால் இடம் பறிபோய்விடுமே! ஆகஸ்டில் அந்த ரகளை ஓய்ந்ததும், இளைத்துப்போன ஆண்கள் வடக்கே கிளம்புகின்றன: ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்கள், கனடா வரை.

பெண்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. குட்டி ஏறக்குறைய ஓராண்டு பால் குடிக்கும். தாய் சில நாள் கடலில் மேய்ந்துவிட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான குட்டிகளுக்கு நடுவே தன் குட்டியைக் குரலாலும் மோப்பத்தாலும் கண்டுபிடிக்கும். ஆக, குளிர்காலத்தில் ஆரிகனின் கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தில், அஸ்டோரியா படகுத்துறையை அடைத்துக்கொண்டு கிடப்பவை கிட்டத்தட்ட எல்லாமே ஆண்கள். வசந்தத்தில் சால்மன் மீன்களைத் துரத்தி, கடலிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, அதே ஆற்றில் இருக்கும் பானவில் அணைவரை போவதும் இவைதான்.

வியப்புக்குரியது என்றால் 2009-ஐச் சொல்லலாம். அந்த இலையுதிர் காலத்தில் பியர் 39-ல் 1,700-க்கும் மேல் இருந்தவை, ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய மொத்தமும் கிளம்பிவிட்டன. அது ஊருக்குப் போகிற பருவமே இல்லை. இரை இடம் மாறியதால் பின்னாலேயே போயிருக்கும் என்பதே பெரும்பாலான கணிப்பு.

கவலைப்பட வேண்டியது வேறு. 2015-ன் தொடக்க மாதங்களில், தாயோடு இருக்க வேண்டிய குட்டிகள் எலும்பும் தோலுமாக ஆயிரக்கணக்கில் தெற்குக் கலிபோர்னியக் கரையில் ஒதுங்கின. கடல் சூடேறி மத்தி, நெத்திலி விலகிப்போக, தாய்கள் வெகுதூரம் அலைய நேர்ந்தது. குட்டிகளுக்குப் பால் போதவில்லை. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அப்புறம், ஒரு வேண்டுகோள். இத்தகைய படங்களுக்குக் கீழே எந்த மாதம் எடுத்தது என்றும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்