கடைசிப் பாட்டுக்கும் இருங்கள்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளி திறந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. புத்தகம், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் ஏறக்குறைய வந்து சேர்ந்துவிட்டன. வராதவர்களிடம் வகுப்பாசிரியர்கள் தனியே பேசியிருக்கிறார்கள். இந்தக் கடிதம் போன ஆண்டு விழா அன்று நடந்த ஒன்றைப் பற்றியது.

நடந்தது உங்களுக்கே தெரியும். ஐந்தரைக்கு மைதானத்தில் நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்றீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடி முடித்ததும் ஆறாம் வகுப்பு வீடுகள் எழுந்து போயின. ஏழு முடிந்ததும் ஏழு. எட்டேகாலுக்குக் கடைசி நிகழ்ச்சி. இரண்டு வயலின், ஒரு நாயனம், ஒரு ஆர்மோனியம், பேண்டு டிரம் என்று ஒன்பது பிள்ளைகள் மூன்று மாதம் பழகியது. மேடையில் ஏறிப் பார்த்தால் எதிரே மைக்செட்காரர், பந்தல்காரரின் பையன், ஆசிரியர்கள், அந்த ஒன்பது பிள்ளைகளின் வீட்டார். காலி நாற்காலிகளை அதற்குள் அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சத்தம் டிரம்மைவிடப் பலமாகக் கேட்டது. மறுநாள் வாசலில் ஒரு தாயாரிடம் கேட்டேன். “எங்க பிள்ளை ஆடி முடிச்சிட்டால்லா டீச்சர், கடைசி பஸ்ஸும் போயிரும்லா” என்றார். பஸ் போய்விடும் என்பது உண்மைதான். அதற்கு ஒரு வழி செய்திருக்கிறேன், பின்னால் சொல்கிறேன்.

இப்படி ஒவ்வொருவராக எழுந்து போவதற்கு இசை வரலாற்றில் ஒரு பழைய கதை உண்டு. 1772இல் ஹைடன் என்ற இசையமைப்பாளர் எஸ்டர்ஹாசி என்ற இளவரசரிடம் வேலை பார்த்தார். இளவரசருக்குக் கோடை அரண்மனை பிடித்துப்போய், ஊர் திரும்பும் நாளைத் தள்ளிக்கொண்டே போனார். வாத்தியக்காரர்களின் பெண்டாட்டி பிள்ளைகளெல்லாம் வேறு ஊரில். நேரில் கேட்கப் பயம். ஹைடன் புதிதாக ஒரு சிம்பொனி எழுதினார். சிம்பொனி என்றால் பல வாத்தியங்கள் சேர்ந்து பகுதி பகுதியாக வாசிக்கும் நீண்ட இசை. அதன் கடைசிப் பகுதியில் ஒருவர் தன் பங்கை வாசித்து முடித்ததும் எதிரே இருக்கும் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு, வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் அடுத்தவர். முடிவில் இரண்டே வயலின்கள். இளவரசருக்குப் புரிந்துவிட்டது, மறுநாளே மூட்டை கட்டச் சொன்னார் என்பார்கள். அங்கே வாசிப்பவர்கள் போனார்கள், கேட்பவர் உட்கார்ந்திருந்தார். நம் மைதானத்தில் அப்படியே தலைகீழ். மேடையில் இருந்த பிள்ளைகளுக்கு என்ன புரிந்திருக்கும் என்பதுதான் அன்றிலிருந்து என் கவலை.

இரண்டு ஆண்டுக்கு முன் மகளைப் பார்க்க மும்பை போயிருந்தபோது, நரிமன் பாயிண்ட்டில் இருக்கும் என்சிபிஏ என்ற நிகழ்கலை மையத்தின் அரங்கத்துக்கு என்னை அழைத்துப்போனாள். ‘சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா’ என்ற குழு அங்கே 2006இல் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு இரண்டு பருவம் கச்சேரி வைக்கிறார்கள், பிப்ரவரியை ஒட்டி ஒன்று, செப்டம்பரை ஒட்டி ஒன்று. உண்மையைச் சொல்கிறேன், முதல் கால் மணி நேரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முதல் பகுதி முடிந்ததும் அரங்கத்தில் நான் ஒருத்தி மட்டும் பலமாகக் கைதட்டினேன். மகள் தொடையில் கிள்ளினாள். நாலு பகுதியும் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டுமாம். மொசார்ட் காலத்தில் நடுநடுவே தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சரி, அது எனக்கு ஓர் ஆறுதல்.

என் மனதில் நின்றது இடைவேளைதான். பக்கத்து நாற்காலியில் இருந்த வயதான பார்சி அம்மா முன்வரிசைக்காரரிடம் கண் ஆபரேஷன் எப்படி ஆயிற்று என்று விசாரித்தார். பின்னாலிருந்து ஒருவர் இவருக்கு மிட்டாய் நீட்டினார். பல ஆண்டுகளாக ஒரே வரிசையில் உட்காருகிறவர்கள் என்று மகள் சொன்னாள். பெரிய நகரங்களில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. பருவம் தொடங்குமுன் மொத்தக் கச்சேரிகளுக்கும் சேர்த்துச் சந்தா கட்டிவிடுவார்கள், இருக்கையும் பெரும்பாலும் அதே இருக்கை. வாசிக்கிறவர்களுக்கு எதிரே ஆள் இருக்கும் என்ற தைரியம். கேட்கிறவர்களுக்குத் தெரிந்த கச்சேரி, தெரியாத கச்சேரி இரண்டையும் கேட்க ஒரு கட்டாயம்.

இது ராஜா வீட்டுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பஞ்சாலை ஊர். நம் விக்கிரமசிங்கபுரம் மாதிரி ஆலைச் சங்குக்கு எழுந்த ஊர். 1857இல் அங்கே நடந்த ஒரு கலைக் கண்காட்சிக்காக சார்லஸ் ஹாலே என்பவர் வாத்தியக்காரர்களைத் திரட்டினார். கண்காட்சி முடிந்ததும் குழுவைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை. 1858 ஜனவரியில் தன் பொறுப்பிலேயே கச்சேரியைத் தொடங்கிவிட்டார். அந்தக் குழு அவர் பெயரிலேயே இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறது. பர்மிங்காமில் 1920இல் நகர மன்றமே பணம் கொடுத்து ஒரு குழுவைத் தொடங்கியது.

நம் திருநெல்வேலிச் சீமைக்கும் இந்த ஐரோப்பிய வாத்தியங்களுக்கும் உள்ள உறவு புதிதில்லை. கர்நாடக இசைக்குள் வயலினைக் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் அரண்மனை வித்வானாக இருந்தவர். அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் பாட்டு எழுதியவர், காலமானதும் எட்டயபுரத்தில்தான். சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியர், தஞ்சாவூரில் வைத்தியம் பார்த்துச் சம்பாதித்த காசைப் போட்டு 1912 முதல் இசை மாநாடுகள் நடத்தினார். நாயன வித்வான் காருக்குறிச்சி அருணாசலத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் பள்ளியிலிருந்து கூப்பிடு தூரம். 2025 மார்ச் 8 அன்று இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் குழுவை வைத்து அரங்கேற்றிய பிறகு, சிம்பொனி என்ற சொல் நம் டீக்கடைக்கும் வந்துவிட்டது.

உட்கார்ந்து கேட்கவும் நமக்குத் தெரியும். கோயில் கொடைத் திருவிழா என்றால் வில்லுப்பாட்டை விடிய விடிய, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, கேட்கிறவர்கள்தானே நாம்? அங்கே யாரும் தன் வீட்டுப் பிள்ளை பாடினால்தான் இருப்பேன் என்று சொல்வதில்லை.

ஆகவே இந்த ஆண்டு விழாவோடு இசையை முடிச்சுப் போடாமல், தனியாக மூன்று மாலைகள் வைக்கிறோம். நம் பள்ளிக்கும் ஒரு கச்சேரிப் பருவம். ஒன்பது பிள்ளைகள் இப்போது இருபத்தாறு ஆகியிருக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஆர்க்கெஸ்ட்ரா என்று சொன்னதும் ஒரு அப்பா, “ராத்திரி பூரா சினிமாப் பாட்டா டீச்சர்?” என்று சந்தோஷமாகக் கேட்டார். நம் ஊர்க் கொடைகளில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் அதுதான் அர்த்தம், அவர்மேல் தப்பில்லை. நாம் செய்வதைச் சேர்ந்திசை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சினிமாப் பாட்டும் உண்டு. எது என்பது ரகசியம்.

சேர்ந்திசையில் முதல் சண்டை சுருதிதான். மும்பையில் கச்சேரி தொடங்குமுன் ஓபோ என்ற குழல் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும், மொத்தக் குழுவும் அதற்குச் சேர்த்துக்கொள்ளும். நொடிக்கு 440 அதிர்வு, நம் ஆர்மோனியக் கணக்கில் ஆறு கட்டை. அந்த ஓபோவும் நம் நாயனமும் ஒருவகையில் பங்காளிகள். இரண்டுக்கும் வாயில் வைத்து ஊதும் சீவாளி உண்டு. வயலின் தந்தியை முறுக்கலாம், நாயனத்தை முறுக்க முடியாது. அதனால் நம் குழுவில் சுருதி கொடுப்பது ஒன்பதாம் வகுப்பு நாயனக்காரப் பையன்தான். இரண்டரைக் கட்டை. எல்லாரும் அவனுக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பியூகிளை மட்டும் என்ன செய்தும் சேர்க்க முடியவில்லை. அந்தப் பையன் தொடக்கத்தில் ஒருமுறை ஊதிவிட்டு டிரம்முக்குப் போய்விடுவான். வில்லுப்பாட்டுக் குடம் காருக்குறிச்சியில் வாங்கியது. வயலின்களை ஒரு தேவாலயப் பாடகர் குழு இரவல் கொடுத்திருக்கிறது.

மகுடம் என்ற மேளத்தைப் பற்றி ஒரு தாத்தா வருத்தப்பட்டார். சுடலை கோயிலில் அடிக்கிறதைப் பள்ளிக்கூடத்தில் அடிக்கலாமா என்றார். அடிக்கத்தான் போகிறோம். அதைவிட நம் மண்ணுக்குச் சொந்தமான தோல் வாத்தியம் எனக்குத் தெரியவில்லை. தோலைச் சூடேற்ற வேண்டும் என்பதால் சத்துணவுக் கூடத்து அக்கா ஓலையைக் கொளுத்திக் காய்ச்சிக் கொடுக்கிறார்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். தன் பிள்ளையை வேறு இடத்தில் உட்கார வைக்கச் சொல்லி இரண்டு வீடுகளிலிருந்து கேட்டார்கள். காரணம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். குழுவில் வயலின் வயலினோடு உட்காரும், குடம் குடத்தோடு உட்காரும். எந்தத் தெருப் பிள்ளை என்று பார்த்து நாற்காலி போடும் வழக்கம் இந்தப் பள்ளியில் கிடையாது. இதைப் பற்றி மறுபடியும் பேச வர வேண்டாம். வேறு எதைப் பற்றியும் வரலாம்.

படிப்பு கெடுமே என்பவர்களுக்கு: பயிற்சி திங்கள், வியாழன் மட்டும், நாலேகாலிலிருந்து ஐந்தேகால் வரை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் இரண்டு மாலைகளோடு நிறுத்திக்கொள்வார்கள்.

முதல் மாலை ஜூலை கடைசிச் சனிக்கிழமை. கொடை பெரும்பாலும் செவ்வாயும் வெள்ளியுமாக இருப்பதால் சனியைத் தேர்ந்தோம். இரண்டாவது, காலாண்டு விடுமுறை முடிந்து வரும் சனி. ஐப்பசி கார்த்திகையில் வைக்க முடியாது, கூடத்துக் கூரையின் நிலை உங்களுக்குத் தெரியும். மூன்றாவது, பொங்கல் கழிந்த இரண்டாம் சனி. ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடித்துவிடுவோம், ஆறேமுக்கால் டவுன் பஸ்ஸை எல்லாரும் பிடிக்கலாம். நான் சொன்ன வழி இதுதான். வரவேற்புரை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் எதுவும் கிடையாது. மிச்சமான நேரம் அங்கிருந்துதான் வந்தது.

இதோடு ஒரு நீல அட்டை வைத்திருக்கிறேன். அதுதான் நம் சந்தா. பணம் இல்லை. மூன்று மாலைக்கும் வீட்டிலிருந்து ஒருவராவது வந்து முடியும்வரை இருப்போம் என்று கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். உங்கள் பிள்ளை குழுவில் இல்லாவிட்டாலும் அனுப்புங்கள், அப்படிப்பட்ட வீடுகளின் அட்டைதான் எனக்கு முக்கியம். அட்டையில் நாற்காலி எண் போட்டுத் தருவோம், மூன்று முறையும் அதே நாற்காலி. பக்கத்தில் யார் வருவார்கள் என்பதை நான் தீர்மானிக்கவில்லை, குலுக்கல்தான். நடுவில் கைதட்டலாம், தலையாட்டலாம், சபாஷ் சொல்லலாம். போனை மட்டும் அணைத்துவிடுங்கள்.

பயிற்சி நாளில் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுக்க வீட்டு முறை வைத்திருக்கிறோம். பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. முறை மாற்றிக்கொள்ள வேண்டுமானால் உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள், அதற்கு என்னைத் தேட வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியை

பி.கு.: ஆர்மோனியத்தில் மேல் பஞ்சமம் பேசவில்லை. ரீடு சரிசெய்யத் தெரிந்தவர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் சொல்லுங்கள். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனால் ஒரு வாரம் வைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது, எங்களுக்கு இருப்பது சில வாரம்தான்.