அதிபர் கடிதம்: மூன்றாம் தவணையும் சனிக்கிழமைப் பட்டறையும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மூன்றாம் தவணை நிறைவுக்கு வந்துவிட்டது. தமிழ்த்தினப் போட்டிகளிலும் விளையாட்டிலும் எமது பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். வாணி விழா சிறப்பாக நடந்தேறியது. உதவிய அனைவருக்கும் நன்றி.

தரம் 10 பிள்ளைகளுக்கான சனிக்கிழமைப் பட்டறை பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும் பற்றாசுக் கோலைத் தொடவே பயந்தவர்கள் இன்று சிறிய மின்சுற்றுகளைத் தாமே பொருத்துகிறார்கள். ஈயத்தைக் கோலில் உருக்கி அப்பக் கூடாது, கம்பியைச் சூடாக்கி அதன்மேல் ஈயத்தை ஓடவிட வேண்டும் என்று ஒரு மாணவி தோழிக்குச் சொல்லிக்கொடுத்ததை வாசலில் நின்று கேட்டேன். அவள் பிடித்த பற்றாசு வெள்ளிப் பொட்டுப்போல் மினுங்கியது. நாளை இவர்களில் சிலர் கொக்குவில் தொழினுட்பக் கல்லூரிக்கோ, உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவுக்கோ போகக்கூடும்.

மூன்று வாரங்களுக்கு முன்னர், துளையிடும் இயந்திரத்தில் நின்ற ஒரு மாணவன் கேதார கௌரி விரதத்துக்காகக் கையில் கட்டியிருந்த காப்பு நூல் சுழலும் அலகில் சிக்கியது. அருகில் நின்ற ஆசிரியர் உடனே ஆளியை நிறுத்தினார். நூல் அறுந்தது. மணிக்கட்டில் ஒரு சிவந்த கோடு மட்டுமே மிஞ்சியது. நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் செக்கனுக்கு 20 சுற்று. ஆளியை எட்டும் அரைச் செக்கனுக்குள் அலகு 10 தடவை சுற்றிவிடும். நூல் அறுந்தபடியால் கை தப்பியது. அது தங்கச் சங்கிலியாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற நினைப்பில் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அதன்பின் காப்பு, சங்கிலி, விரித்த கூந்தல், ரப்பர் செருப்பு ஆகியவற்றோடு வருவோரை இயந்திரங்களின் அருகே விடுவதில்லை. இதில் சிலருக்கு மனவருத்தம் என்பதை அறிவேன். 21 நாள் விரதமிருந்து, 21 இழையில் கட்டிய காப்பின் பெறுமதி எனக்குத் தெரியும். என் வீட்டிலும் அந்த விரதம் உண்டு. அதை அறுக்கும்படி எவரையும் கேட்கமாட்டேன். கழற்றிச் சுவாமி அறையில் வைக்க உங்கள் வீட்டு வழக்கம் இடம் தந்தால் நல்லது. இல்லையென்றால் பிள்ளை பற்றாசு, அளவெடுத்தல், அராவுதல் ஆகிய வேலைகளைச் செய்யட்டும். பாடம் குறையாமல் பார்த்துக்கொள்வோம்.

கைக்குப் பாதுகாப்பு என்று சிலர் துணிக் கையுறை வாங்கிக் கொடுத்தீர்கள். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் சுழலும் இயந்திரத்தில் கையுறைதான் முதலில் சிக்கும், விரலையும் சேர்த்து இழுக்கும். செருப்பும் வேறு விதத்தில் ஆபத்துத்தான். நாம் பாவிக்கும் பற்றாசு ஈயம் ஏறத்தாழ 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். கோலின் முனையோ 350 பாகைவரை சூடாகும். ஒரு துளி வெறும் புறங்காலில் விழுந்தால் போதும்.

இரண்டு பெற்றோர் தொலைபேசியில் எமது ஆசிரியரைக் கடிந்து பேசியிருக்கிறார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். பிள்ளையை இயந்திரத்தடியிலிருந்து விலக்கச் சொன்னது நான். அந்த முடிவு மாறாது. கோபம் இருந்தால் என்னிடம் வாருங்கள்.

பெரும்பாலான பெற்றோர் சொல்லாமலே புரிந்துகொண்டீர்கள். சொந்தமாக ஒட்டுவேலைக் கடை நடத்தும் ஒரு தந்தை 12 பாதுகாப்புக் கண்ணாடிகளைக் கொண்டுவந்து தந்தார். ஒரு தாயார் பழைய ஜீன்ஸ் துணியில் மேலங்கிகள் தைத்துத் தந்தார். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! பற்றாசு ஈயத்தில் நச்சான காரீயமும் கலந்திருப்பதால், நீங்கள் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டைப் பிரிக்குமுன் சவர்க்காரம் போட்டுக் கைகழுவும்படி வீட்டிலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

புதிய தவணையின் முதற் சனிக்கிழமை காலை 8.30க்குப் பட்டறை மீண்டும் தொடங்கும். பழைய பாடசாலைச் சப்பாத்தே போதும். புதிதாக வாங்க வேண்டாம். அளவு சிறுத்துப்போன சப்பாத்துகள் வீட்டில் இருந்தால் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். இல்லாத பிள்ளைகளுக்கு எடுத்து வைக்கிறோம்.

அன்புடன்,
அதிபர்