செவிலியர் முனைவர் பட்டமும் ஆயிரம் மணி நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இணையவழியில் வழங்கும் முனைவர் பட்டங்கள் அனைத்தையும் உழைப்பின்றிக் கிடைப்பவை என்று ஒரே தட்டில் வைத்துப் பேசிய தங்கள் நாளிதழின் உயர்கல்விக் கட்டுரையைப் படித்தேன். போலிப் பட்டங்களைப் பற்றிய எச்சரிக்கை மிகவும் தேவையானது. ஆனால் அந்தப் பட்டியலில் டி.என்.பி. எனப்படும் செவிலியப் பணிசார் முனைவர் பட்டமும் இடம்பெற்றது வருத்தமளித்தது. அமெரிக்காவில் மருத்துவமனைப் பணியை விடாமல், பகுதிநேரமாக இப்படிப்பை முடித்தவள் என்ற முறையில் சிலவற்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன்.

அமெரிக்கச் செவிலியர் கல்லூரிகளின் சங்கம் 2004 அக்டோபரில் இப்பட்டத்தை உயர்நிலைச் செவிலியப் பணிக்குரிய கல்வியாக ஏற்று அறிவித்தது. பிஎச்.டி. ஆய்வாளர் புதிய அறிவைத் தேடுகிறார், டி.என்.பி. மாணவரோ ஏற்கெனவே நிறுவப்பட்ட சான்றுகளை நோயாளியின் படுக்கையருகே கொண்டுசேர்க்கும் வழியைத் தேடுகிறார். சிறுநீரை வெளியேற்ற நோயாளிக்குப் பொருத்தும் குழாய் (கதீட்டர்) வழியாக வரும் தொற்றை ஒரு வார்டில் குறைப்பது, இதயச் செயலிழப்பு நோயாளிகள் வீடு திரும்பிய 30 நாட்களுக்குள் மீண்டும் சேர்க்கப்படுவதைத் தடுப்பது போன்றவை இப்படிப்பின் நிறைவுத் திட்டங்களாகின்றன. மறுசேர்க்கை மிகுந்த மருத்துவமனைகளுக்கான தொகையை, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2012 முதல் குறைத்து வருவதால், இத்தகைய திட்டங்களின் பயனை மருத்துவமனை நிர்வாகங்களும் உடனே உணர்கின்றன.

இப்படிப்பில் இணையவழியில் நடப்பது பாடங்கள் மட்டுமே. இரவுப் பணி முடித்து வந்தவரும் தமக்கு வாய்த்த நேரத்தில் விரிவுரையைக் கேட்கலாம், வாரக் கெடுவுக்குள் கட்டுரையை அனுப்பலாம். பணிக்களத்தில் செலவிட வேண்டிய நேரத்தை எந்தக் கணினியும் ஈடுசெய்யாது. இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு மொத்தம் 1,000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்று 2006இல் மேற்படி சங்கம் வகுத்தது. 2021இல் வந்த திருத்தம் 500 மணி நேரத்தைக் குறைந்த அளவாக வைத்துத் திறன் தேர்ச்சியை முன்னிறுத்தினாலும், பல கல்லூரிகள் இன்றும் பழைய அளவையே கேட்கின்றன. முதுநிலைப் படிப்பில் 500 மணி நேரம் முடித்த ஒருவருக்கு மீதி 500 இருக்கும். வாரத்துக்கு 8 மணி நேரம் ஒதுக்கினாலும் அதற்கு 62 வாரங்களுக்கு மேல் ஆகும். சம்பளம் பெறும் வழக்கமான பணிநேரத்தை அப்படியே இதில் கணக்கிடவும் பெரும்பாலான கல்லூரிகள் அனுமதிப்பதில்லை. குடும்பமும் வேலையும் உள்ளவருக்குப் பகுதிநேரமே ஏற்றது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். விரைவாக முடித்துத் தருவதாக வரும் விளம்பரங்களைக் கண்டு யாரும் ஆசைப்பட வேண்டாம்.

சேருமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, கட்டணம் எவ்வளவு என்பதன்று. களப்பயிற்சிக்கான இடத்தையும், பிரிசெப்டர் எனப்படும் வழிகாட்டியையும் கல்லூரி ஏற்பாடு செய்கிறதா, மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா என்பதே அது. பாடங்களை எல்லாம் நல்ல மதிப்பெண்ணுடன் முடித்தும், வழிகாட்டி கிடைக்காமல் பருவம் பருவமாகக் காத்திருக்கும் செவிலியர்களை நான் அறிவேன். அவர்களின் திறமையில் எந்தக் குறையும் இல்லை. மாநில விதிகளும் இதில் குறுக்கிடுகின்றன. பல்கலைக்கழகம் ஒரு மாநிலத்திலும் மாணவர் வேறொரு மாநிலத்திலும் இருந்தால், மாணவர் வசிக்கும் மாநிலத்தில் களப்பயிற்சி நடத்த அந்தக் கல்லூரிக்கு அனுமதி உண்டா என்பதை எழுத்து வடிவில் பெற்றுக்கொள்வது நல்லது. சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அமைப்பின் தர அங்கீகாரம் படிப்புக்கு உள்ளதா என்பதையும் அந்த அமைப்புகளின் பட்டியலிலேயே நேரடியாகப் பார்த்துவிட வேண்டும்.

எல்லோருக்கும் இப்பட்டம் கட்டாயம் என்று எண்ணிவிடவும் கூடாது. மயக்க மருந்துச் செவிலியர் பயிற்சியில் 2022 முதல் சேருவோருக்கு முனைவர் நிலைக் கல்வி அவசியம். நோயைக் கண்டறிந்து மருந்தும் பரிந்துரைக்கும் உயர்நிலைச் செவிலியர்களான நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கோ முதுநிலைப் பட்டம் இன்றும் செல்லுபடியாகிறது. பணம் பற்றி ஒன்று: வேலை வழங்குவோர் தரும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை கூட்டாட்சி வருமான வரி இல்லை. பாடங்களைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துப் படிப்பவர், அத்தனை ஆண்டும் இச்சலுகையைப் பெறலாம். இந்தியா திரும்பி ஆசிரியப் பணியில் சேர நினைப்போர் மட்டும், வெளிநாட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து கல்வித்தொழில்நுட்ப நிறுவனங்கள் நடத்தும் இணையவழி பிஎச்.டி. படிப்புகளை ஏற்பதில்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எச்சரித்ததை நினைவில் கொண்டு, தங்கள் பட்டத்தின் நிலையை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் இப்பட்டம் பெற்ற தமிழ்ச் செவிலியர்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பின்னால் வரும் மாணவர் ஒருவருக்கேனும் வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொள்ளுங்கள். வேலைப்பளுவுக்கிடையே அது எளிதன்று என்பது எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் தரும் ஒரு கையொப்பம் இல்லாமல் அவர்களின் பயிற்சி தொடங்கவே முடியாது. செவிலியக் கண்காணிப்பாளர்களாக இருப்போர், படிக்கும் செவிலியருக்கு வாரத்தில் ஒரே நாளையாவது மாறாத ஓய்வு நாளாகப் பணி அட்டவணையில் குறித்துக்கொடுக்க வேண்டும். அந்த நாள் உறுதியாகக் கிடைத்தால்தான் களப்பயிற்சியை அவர்களால் திட்டமிட முடியும்.

இப்படிக்கு,
செவிலியர் ஒருவர்,
அமெரிக்கா.