மேலே 90, கீழே 116

அன்புள்ள மாப்ளே,

பதில் போடத் தாமதம்தான், கோவிச்சுக்காதே. இங்கே எல்லாரும் சௌக்கியம். தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? மணியண்ணன் மகளுக்கு இடம் கூடிவிட்டது, கோபிப் பக்கம்தான், விவரம் நேரில்.

பிரபஞ்சம் எவ்வளவு பெரிசு, வெளியை எவ்வளவு சின்னதாக வெட்டலாம் என்று தாராபுரம் பள்ளிக்கூடத்தில் பேச நீ எழுதிய குறிப்பைப் படித்தேன். நல்லா வந்திருக்குது. ஆனால் இரண்டு வரியை அடித்தே ஆகணும். "பிரபஞ்சம் தட்டை, அதனால் எல்லையற்றது" என்பது ஒன்று. "பிளாங்க் நீளம்தான் வெளியின் கடைசித் துணுக்கு" என்பது இன்னொன்று (வெளி என்றால் எல்லாப் பொருளும் இருக்கும் இடம், பிளாங்க் நீளம் என்றால் இயற்பியல் கணக்கில் வரும் மிகமிகச் சிறிய நீளம்). இரண்டையும் இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. பிஞ்சு மனசில் பதிந்துவிட்டால் பிறகு யார் பெயர்த்தெடுப்பது?

ஒரு மீட்டர் பனியன் நூலிலிருந்து தொடங்கு. அதைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் 33 வெட்டில் அணுவின் அளவு, 49-இல் புரோட்டான். 60 வெட்டு வரை, அதாவது 10-இன் அடுக்கு −18 மீட்டர் வரை, எலக்ட்ரானுக்குள் உறுப்பு எதுவும் தென்படவில்லை. பிளாங்க் நீளம் 1.6 × 10-இன் அடுக்கு −35 மீட்டர். 116-ஆவது வெட்டு அதற்கும் கீழே போய்விடும். நடுவில் இருக்கும் ஐம்பத்துச் சொச்சம் வெட்டை எந்தக் கருவியும் தொட்டதில்லை.

ஏன் தொட முடியவில்லை என்பதைத்தான் நீ நிறுத்திச் சொல்லணும். சின்னதைப் பார்க்கச் சின்ன அலைநீளம் வேண்டும். அலைநீளம் குறையக் குறைய ஆற்றல் ஏறும். பிளாங்க் நீளத்தைப் பார்க்க, துகள்களை மோதவிடும் ஜெனீவா மோதுகருவியின் 13.6 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைப் போல ஏறக்குறைய ஆயிரம் லட்சம் கோடி மடங்கு தேவை. அவ்வளவையும் அந்தத் துளி இடத்தில் அடைத்தால் அது கருந்துளையாகிவிடும் என்கிறது கணக்கு. அதற்கு மேல் ஆற்றலைக் கூட்டினால் துளைதான் பெருக்கும், பார்வை கூராகாது. ஆக, நமக்குத் தெரிந்த வரை அது அளப்பதற்கு வரும் தடை. வெளி என்பதே துணுக்குத் துணுக்காக இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியையும் சோதித்திருக்கிறார்கள். 2009 மே 10 அன்று, 700 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் நடந்த காமா கதிர் வெடிப்பை ஃபெர்மி செயற்கைக்கோள் பதிவுசெய்தது. அதில் 31 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் (ஒளித்துகள்) ஒன்று, வெடிப்பு பதிவாகி ஒரு நொடிக்குள் வந்துசேர்ந்தது. வெளி துணுக்காக இருந்து, ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் ஒளியின் வேகம் குறையும் என்ற எளிய மாதிரிகளுக்கு அது பெரிய அடி. மற்ற மாதிரிகள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன.

மேல்பக்கம் சுருக்கமாகப் போதும். அதே நூலை 90 முறை இரட்டித்தால், நம்மால் பார்க்க முடிந்த பிரபஞ்சத்தின் விட்டம், 9,300 கோடி ஒளியாண்டு, வந்துவிடும். பிளாங்க் செயற்கைக்கோளின் 2018 முடிவுப்படி வெளியின் வளைவு கிட்டத்தட்டச் சுழி, அதைத்தான் தட்டை என்கிறோம். ஆனால் தட்டையான வெளியும் ஓரத்தோடு ஓரம் ஒட்டி மூடிக்கொள்ளலாம். போதிய அளவு சிறியதாக மூடியிருந்தால் பிரபஞ்சத்தின் ஆதி ஒளியில், வானத்தின் இரு திசையில் ஒரே மாதிரியான வட்டம் தெரியணும், தேடினார்கள், கிடைக்கவில்லை. மூடியிருந்தாலும் நம் பார்வைக்கு எட்டாத அளவில் என்பதோடு நின்றுகொள்.

பலகையில் கணக்கைப் போட்டே காட்டு: மீட்டரில் பிளாங்க் நீளத்தின் மடக்கை, குறியை விட்டால், 34.8. இரண்டின் மடக்கை 0.301. 34.8-ஐ 0.301-ஆல் வகுத்தால் 115.6, அதனால்தான் 116 வெட்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மடக்கை சொல்ல ஐந்து நிமிஷம் ஒதுக்கிக்கோ. திருத்தின குறிப்பை வியாழனுக்குள் அனுப்பிப்போடு, பார்த்துச் சொல்கிறேன்.

உன்
சுப்பு