குங்குமப்பூக் கிழங்கு வாங்கியவர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

கீழக்கரையில் நம்ம கடையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான்கு நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தக் குரல் பதிவுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குங்குமப்பூ என்று சொல்லிக் கண்வலிக்கிழங்கைத் தலையில் கட்டிவிட்டோமாம்.

கண்வலிக்கிழங்கு எங்களுக்குத் தெரியாதா? கடை வேலியிலேயே செங்காந்தளாகப் பூத்துக் கிடக்கிறது. அந்தக் கிழங்கு கலப்பை மாதிரி கவைத்து நீண்டிருக்கும்; கலப்பைக்கிழங்கு என்றே அதற்குப் பெயர். குங்குமப்பூக் கிழங்கு சின்ன வெங்காயம் போல உருண்டை, அடி தட்டை, மேலே பழுப்பு நார் வலை. இருட்டில் தடவினாலும் மாறாது. அப்புறம், பாலில் போட்டுக் குடித்து வாந்தி என்கிறார்கள். காஷ்மீரின் பாம்பூரிலேயே அக்டோபர் கடைசி, நவம்பரில்தான் பூக்கும். நாங்கள் கிழங்கு விற்றதே செப்டம்பரில். பூக்காத பூவை எந்தப் பாலில் போட்டார்கள்?

சரி, பயம் முழுக்கப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். கோல்சிக்கம் என்று ஒரு செடி, அதுவும் குங்குமப்பூ போலவே ஊதாவாகப் பூக்கும். கண்வலிக்கிழங்கில் உள்ள அதே கோல்சிசின் நஞ்சு அதிலும் உண்டு. காய்ச்சினாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரம் கழித்தே தொடங்கும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். அதனால் பூத்ததும் உள்ளே எண்ணிப் பாருங்கள். மகரந்தத் தாள் மூன்று, நடுவில் சிவப்பு இழை மூன்று என்றால் நம்ம பூ. தாள் ஆறு இருந்தால் கையைக் கழுவிவிட்டுத் தொட்டியோடு கொண்டுவாருங்கள். (செப்டம்பர் கடைசி வாரம் வந்த ஒரு பெட்டியில் வேறு பூக்கிழங்கு கொஞ்சம் கலந்திருக்கலாம், தரம் பிரிக்கும் தம்பி வேலையை விட்டு நின்ற வாரம் அது. அப்போது வாங்கியவர்கள் பில்லோடு வந்தால் மாற்றித் தருகிறோம். அதுவரை அதில் எது பூத்தாலும் வாயில் வைக்க வேண்டாம்.)

மொட்டை மாடியில் வைத்தவர்களுக்கு இலைதான் மிஞ்சும். பூ வெளிவர 17 டிகிரி அளவுக்குக் குளிர் வேண்டும். நம்ம கடற்கரையில் ஏசி அறையை விட்டால் வழியில்லை. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 150 பூ. பன்னிரண்டு கிழங்கு வாங்கியவர்கள் பிரியாணியை மறந்துவிடுங்கள், ஒரு டம்ளர் பாலுக்கு ஆகும். விற்கும்போதே இதைச் சொன்னோம், சிரித்துக்கொண்டேதான் வாங்கினீர்கள்.

பதிவைக் கேட்டதும் நேரே வந்து “என்ன பாய் இது?” என்று கேட்டவர்களை மறக்க மாட்டோம். ஒரு லாத்தா தொட்டியைத் துணியில் சுற்றித் தூக்கி வந்து, மேசையில் கொட்டி, ஒவ்வொரு கிழங்காகப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப அள்ளிக்கொண்டு போனார். போகும்போது இரண்டு வெந்தய பாக்கெட்டும் வாங்கிப் போனார். அவருக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி.

வெள்ளிக்கிழமை மதியம் தவிர மற்ற நேரமெல்லாம் கடை திறந்திருக்கும்.