அணுமின் நிலையம் இல்லாத நாட்டிலும் கதிரியக்கக் கழிவு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணுக்கழிவு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், அணு உலைகளில் எரிந்து தீர்ந்த எரிபொருளைச் சுற்றியே விவாதம் நின்றுவிடுகிறது. அணுமின் நிலையம் இல்லாத நாடுகளுக்கு இந்தக் கவலையே இல்லை என்ற எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமல்லாமல் கொள்கை வகுப்பவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. மருத்துவமனைக் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அத்தகைய நாடுகளின் கழிவு மேலாண்மையை எப்படி எடைபோட வேண்டும் என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் வாயிலாகச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன்.

புற்றுநோய்ச் சிகிச்சைக்கான கோபால்ட்-60, பற்றவைப்பின் தரத்தைச் சோதிக்கும் இரிடியம்-192, சிமெண்ட், காகித ஆலைகளில் அளவுமானிகளுக்குள் இருக்கும் சீசியம்-137, எண்ணெய்க் கிணறுகளின் நிலவியல் ஆய்வுக்குப் பயன்படும் அமெரிசியம்-241 ஆகிய கதிரியக்கப் பொருள்கள் இல்லாத நாடு இன்று அரிது. இவற்றுக்கு முந்தைய தலைமுறையின் ரேடியம் ஊசிகளும், கதிரியக்கப் பொருள் பொருத்தப்பட்ட பழைய இடிதாங்கிகளும், புகை உணர்விகளும் இன்னும் எங்கெங்கோ கிடக்கின்றன. ஆராய்ச்சி உலை வைத்திருக்கும் நாடுகளுக்கு அதன் கழிவும் சேர்ந்துகொள்கிறது.

மருத்துவமனைகளில் சேரும் கழிவில் பெரும்பகுதி எளிதில் கையாளக்கூடியதே. நோயறியும் சோதனைகளுக்கான டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்திலும், தைராய்டு சிகிச்சைக்கான அயோடின்-131 எட்டு நாட்களிலும் பாதியாகக் குறைந்துவிடும்; இப்படிப் பாதியாக எடுக்கும் காலமே அரை ஆயுள். பத்து அரை ஆயுட்காலம் கடந்தால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். நன்றாக நடத்தப்படும் மருத்துவமனையில் இதற்கென ஈயத் தடுப்புள்ள தனி அறை இருக்கும். ஒவ்வொரு பையிலும் கதிரியக்கப் பொருளின் பெயர், பை கட்டப்பட்ட தேதி, அதை வெளியேற்றக்கூடிய தேதி ஆகியவை எழுதப்பட்டிருக்கும். அந்த நாள் வந்ததும் கதிர்வீச்சு அளக்கும் கருவியை வைத்துப் பார்த்து, இயற்கைப் பின்னணி அளவுக்கு மேல் ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு, எச்சரிக்கைச் சின்னத்தைக் கிழித்துவிட்டுச் சாதாரண மருத்துவக் கழிவோடு சேர்ப்பார்கள். ஒழுங்கும் ஒரு பதிவேடும் இருந்தால் போதும்.

உண்மையான ஆபத்து, பயன்பாடு முடிந்த ‘மூடிய கதிரியக்க மூலங்களில்’, அதாவது கசியாதபடி உறைக்குள் அடைக்கப்பட்ட கதிரியக்கப் பொருள்களில் இருக்கிறது. கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள். அதன் வீரியம் குறையக் குறையச் சிகிச்சைக்கு எடுக்கும் நேரம் நீள்வதால், மருத்துவர்கள் புதிய மூலத்தைக் கேட்பார்கள். அல்லது மருத்துவமனை, கதிரியக்கப் பொருள் இல்லாமல் மின்சாரத்தால் கதிர்வீச்சை உண்டாக்கும் நேரியல் முடுக்கிக்கு மாறிவிடும். சிகிச்சைக்குப் போதாது என்று ஒதுக்கப்பட்ட அந்த மூலம், கவசத்தை விட்டு வெளியே வந்தால் ஆளைக் கொல்லும் அளவுக்கு வலுவுள்ளது. அதன் கவசமோ ஈயம் நிறைந்த கனத்த உலோகக் கட்டி. பழைய இரும்பு வாங்குபவரின் கண்ணுக்கு அது நல்ல விலைபோகும் சரக்கு.

தாய்லாந்தில் அணுமின் நிலையம் இல்லை. அங்கே, வாகன நிறுத்துமிடம் ஒன்றில் பாதுகாப்பின்றி விடப்பட்டிருந்த சிகிச்சைக் கருவியின் கோபால்ட் பாகம் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் பிரிக்கப்பட்டு, சமுத் பிரகான் மாகாணத்தில் உள்ள பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. பத்துப் பேர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் மூவர் இறந்தார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களின் அறிகுறிகளைப் பார்த்துச் சந்தேகப்பட்ட மருத்துவர்கள் சொல்லித்தான் அதிகாரிகளுக்கு விஷயமே தெரிந்தது. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் அதே நாட்டின் பிராசின்புரி மாகாணத்தில், அனல்மின் நிலையம் ஒன்றில் இருந்த சீசியம்-137 உருளை காணாமல் போனதாகப் புகார் எழுந்தது. சில நாட்களில் அருகிலிருந்த உருக்காலையின் உலைத் தூசியில் சீசியம் கண்டறியப்பட்டது. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் இடத்திலும் கதிரியக்கப் பொறுப்பு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கழிவின் கனஅளவை வைத்து ஆபத்தை அளப்பது எவ்வளவு தவறு என்பதை 1987இல் பிரேசிலின் கொய்யானியா நகரில் நடந்தது காட்டுகிறது. கைவிடப்பட்ட சிகிச்சை நிலையத்தில் இருந்து எடுத்துச் செல்லப்பட்ட கருவிக்குள் நூறு கிராமுக்கும் குறைவான சீசியம் குளோரைடுதான் இருந்தது. நீல நிறத்தில் ஒளிர்ந்த அந்தத் தூளை மக்கள் கைமாற்றிக்கொண்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதிக்க வேண்டியதாயிற்று. இடித்த வீடுகள், அகற்றிய மண் என்று சுமார் 3,500 கனமீட்டர் கழிவு சேர்ந்தது. பிரேசிலில் அப்போதே அணுமின் நிலையம் இருந்தது என்றாலும், இந்த மரணங்களுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இந்த நிலையில், ஒரு நாட்டை மதிப்பிட வருபவர்கள் சட்டம் இருக்கிறதா, ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறதா, 2001இல் நடைமுறைக்கு வந்த கதிரியக்கக் கழிவு குறித்த கூட்டு உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்தியடைவது எனக்குக் கவலை தருகிறது. அந்த உடன்படிக்கையின்படி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உறுப்பு நாடுகள் தங்கள் அறிக்கையைப் பிற நாடுகளின் முன்வைத்துக் கேள்விகளுக்குப் பதிலளிக்கின்றன. அது பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் அறிக்கையின் அடித்தளமான பதிவேடு சரியா என்பதை உள்நாட்டில்தான் சோதிக்க முடியும். சுங்கத் துறையின் இறக்குமதிப் பதிவுகளையும் வழங்கப்பட்ட உரிமங்களையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு மூலத்தையும் நேரில் போய் அதன் வரிசை எண்ணோடு சரிபார்த்தால், தாளில் உள்ளதற்கும் தரையில் உள்ளதற்கும் உள்ள இடைவெளி தெரிந்துவிடும். மூடப்பட்ட ஆலைகளும், கைமாறிய நிறுவனங்களும், பொறுப்பாளர் ஓய்வு பெற்றபின் ஆளில்லாமல் கிடக்கும் ஆய்வகங்களும்தான் முதலில் தேடவேண்டிய இடங்கள்.

அடுத்தது பணம். ஒரு மூலத்தை வாங்கும்போதே அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தமும், அதற்கான வைப்புத்தொகையும் உரிமத்தின் நிபந்தனையாக இருக்க வேண்டும். பிரான்சில் மூடிய மூலங்களைப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்குள் வழங்கியவரிடமே திருப்பித் தர வேண்டும்; வழங்குபவர் நிதி உத்தரவாதமும் அளிக்க வேண்டும். நொடித்துப்போன நிறுவனத்திடம் இருபது ஆண்டுகள் கழித்துச் செலவைக் கேட்டு வாங்க முடியாது; அந்தச் சுமை கடைசியில் அரசின் தலையில்தான் விழும்.

திருப்பி அனுப்ப வழியே இல்லாதவை எஞ்சும். ரேடியம்-226 அவற்றில் மோசமானது. அதை விற்றவர்கள் இன்று இல்லை, அரை ஆயுளோ 1,600 ஆண்டுகள். உள்ளே சேரும் வாயுவின் அழுத்தத்தால் பழைய குப்பிகள் கசியவும் கூடும். கட்டடத்துக்குள் வைத்துக் காவல் காப்பது இதற்கு முடிவாகாது. ஆராய்ச்சி உலைகளை மூடிவிட்ட டென்மார்க், அவற்றின் கழிவை அதிகபட்சம் 2073 வரை இடைக்காலச் சேமிப்பில் வைப்பது, அதற்குள் நிரந்தர இடம் காண்பது என்று 2018இல் முடிவெடுத்தது. வளமும் நிர்வாகத் திறனும் உள்ள நாட்டுக்கே இத்தனை அவகாசம் தேவைப்படுகிறது என்றால், மற்றவர்கள் இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும். அண்டை நாடுகளோடு சேர்ந்து பொதுக் களஞ்சியம் அமைக்கலாம் என்ற யோசனை நெடுங்காலமாகப் பேசப்பட்டாலும், பிறர் கழிவை ஏற்க முன்வருபவர்கள் இல்லாததால், அதை நம்பிக் காத்திருப்பதை நான் காலம் கடத்தலாகவே கருதுகிறேன். சிறிய அளவிலான மூலங்களைக் கொள்கலனில் அடைத்துக் குறுகிய ஆழ்துளைக்குள் இறக்கி, சிமெண்ட் கலவையால் மூடும் முறையைச் சர்வதேச அணுசக்தி முகமை ஊக்குவித்து வருகிறது. கானாவும் மலேசியாவும் அதற்கான பணிகளில் முன்னதாக இறங்கிய நாடுகள். செலவைத் தாங்கக்கூடிய நாடுகளின் பட்டியல் இதனால் நீள்கிறது.

வலுவான மூலங்கள் இருக்கும் இடங்களைப் பாதுகாப்புக் காரணங்களுக்காக வெளியிடாமல் இருப்பது நியாயமே. எண்ணிக்கையை மறைக்க அப்படி ஒரு காரணமும் இல்லை. பயன்பாட்டில் உள்ள மூலங்கள், பயன்பாடு முடிந்து கிடங்கில் இருப்பவை, அந்த ஆண்டில் திருப்பி அனுப்பப்பட்டவை, பதிவேட்டில் இடம்பெற்றிருந்தும் நேரில் கண்டுபிடிக்க முடியாதவை ஆகிய நான்கு எண்களை ஒழுங்குமுறை ஆணையங்கள் தங்கள் ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும். நான்காவது எண்ணைக் கேட்டுப் பெற்று வெளியிடும் பணியைத் தங்களைப் போன்ற நாளிதழ்கள் மேற்கொள்ள வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மருத்துவக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் (ஓய்வு)